கோடை இடியும் கோவில் மணியும்

மண்ணை நம்பி வாழும் மனிதன் முதலில் கற்றுக்கொண்ட நூல் வானம். எழுத்து அறிவதற்கு முன்னரே அவன் மேகத்தை அறிந்தான். எண் அறிவதற்கு முன்னரே காற்றின் திசையை அறிந்தான். மேற்கே மேகம் எழுந்தால் மழை வரும் என்றும், தெற்கிலிருந்து காற்று அடித்தால் வெப்பம் மிகும் என்றும் சொல்லத் தெரிந்த மக்களை நோக்கி, இக்காலத்தின் குறிகளை மட்டும் ஏன் உங்களால் ஆய்ந்தறிய முடியவில்லை என்று ஆண்டவர் இயேசு வினவியதை லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரம் காட்டுகின்றது. வானத்தைப் படிக்கும் அறிவை அவர் பழித்தாரல்லர். அந்த அறிவு மனிதரைப் பற்றிய அக்கறையாக முதிரவில்லையே என்றுதான் வருந்தினார். கோடைப் புயலையும் இடியையும் பற்றிய வரலாற்றைப் புரட்டும்போது, இந்த வினா நம் காதில் மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றது.

கொட்டாம்பட்டியின் கோடை

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், மேலூருக்கும் துவரங்குறிச்சிக்கும் இடையே அமைந்தது கொட்டாம்பட்டி. தென்மேற்கே அழகர்மலை, வடமேற்கே கரந்தமலை, அதற்கும் அப்பால் சிறுமலை. மேலூர்ப் பகுதிக்கு எட்டும் அளவுக்குப் பெரியாற்று நீர் இங்கே எட்டுவதில்லை. கண்மாயும் கிணறும், அவற்றை நிரப்பும் வானமுமே இவ்வட்டாரத்தின் வாழ்வு. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் மானாவாரிக் கடலையும் இங்குள்ள குடும்பங்களைக் காத்து வருகின்றன.

சித்திரை பிற்பகுதியிலும் வைகாசியிலும் இச்சமவெளியின் நண்பகல் கொதிக்கின்றது. கத்தரி வெயில் என்று நாம் அழைக்கும் அந்த நாள்களில், பிற்பகல் மூன்று மணியளவில் மலைப்பக்கம் கறுக்கின்றது. இலை அசையாத புழுக்கம். பிறகு புழுதியை வாரி எறியும் சூறைக்காற்று. அதன் பின்னே மின்னலும் இடியும் ஆலங்கட்டியும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகின்றது. மறுநாள் காலையில், பறிக்கும் பருவத்தை எட்டாத மாங்காய்கள் தோப்பெங்கும் உதிர்ந்து கிடக்கின்றன. குத்தகைக்கு எடுத்தவர் அவற்றை ஊறுகாய்க்கென்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகின்றார். வாழைகள் தலைசாய்கின்றன. இடி விழுந்த தென்னையின் குருத்து கருகி நிற்கின்றது. அதே மழைதான் கோடை உழவுக்கு மண்ணை இளக்குகின்றது. வறண்ட கிணற்றில் ஓர் அடி நீரைக் கூட்டுகின்றது. 'கோடை உழவு கோடி நன்மை' என்று சொன்ன நம் முன்னோர், வரமும் சாபமும் ஒரே மேகத்திலிருந்து இறங்குவதைக் கண்டவர்களே.

தமிழகத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 920 மில்லி மீட்டர் மழை பெய்கின்றது. அதில் பாதியளவு வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கின்றது. மார்ச் முதல் மே வரையிலான கோடை மழையின் பங்கு எட்டில் ஒன்று என்ற அளவினதே. அளவில் சிறிதெனினும் உயிரிழப்பில் இது சிறிதன்று. ஐப்பசி மழை நாள் குறித்து வரும் விருந்தாளி. கோடை மழையோ கதவைத் தட்டாமல் நுழைபவன்.

முன்னோர் படித்த வானம்

இந்த விருந்தாளியின் வருகையை முன்கூட்டி அறிய நம் மக்கள் பல வழிகளைக் கைக்கொண்டனர். மார்கழியில் மேகம் திரண்டு நகர்வதைக் 'கர்ப்போட்டம்' என்று குறித்துவைத்து, அடுத்த பருவத்தின் மழையைக் கணித்தனர். சித்திரை முதல் நாளில் ஊர்ப் பொதுவில் பஞ்சாங்கம் வாசிக்கப்பட்டு, இவ்வாண்டு மழை எத்தனை மரக்கால் என்று அறிவிக்கப்பட்டது. எறும்பு முட்டையைச் சுமந்து மேட்டுக்கு ஏறுவதும், தும்பி தாழப் பறப்பதும், ஈசானிய மூலையில் மின்னுவதும் அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன.

இவற்றுள் சில நுட்பமான கவனிப்பின் கனிகள். சில, வெறும் விருப்பத்தின் வெளிப்பாடுகள். ஆயினும் அவற்றில் நாம் போற்றத்தக்கது ஒன்றுண்டு. அந்த அறிவு ஊர்ப் பொதுவில் சொல்லப்பட்டது. ஒருவர் கண்டதை அனைவரும் கேட்டனர். இந்தக் கூட்டுச் செவியைப் பின்னாளில் அறிவியல் பெருமுயற்சியோடுதான் மீண்டும் உண்டாக்க வேண்டியிருந்தது.

கேட்ட எச்சரிக்கையும் கேளாத எச்சரிக்கையும்

இந்தியாவில் முறையான வானிலைக் குறிப்புகள் நம் சென்னையில்தான் வேரூன்றின. 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வான் ஆய்வகம் எழுந்தது. 1796 முதல் அங்கே வானிலை குறிக்கப்பட்டது. ஆனால் குறிப்பது வேறு, எச்சரிப்பது வேறு. அந்த வேறுபாட்டின் விலையை நாடு 1864இல் உணர்ந்தது. அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தைக் கடல் விழுங்கியது. முன்கூட்டி ஒரு சொல் சொல்வாரில்லை.

மூன்றாண்டுகள் கழித்து நடந்தது நம் சிந்தனைக்குரியது. பெல்சியத்திலிருந்து 1865இல் கல்கத்தா வந்து சேர்ந்த சேசு சபைக் குரு யூஜீன் லபோன், தூய சவேரியார் கல்லூரியின் மாடியில் எளிய கருவிகளைக் கொண்டு நாள்தோறும் வானிலையைக் குறித்துவந்தார். 1867 நவம்பரில் காற்றழுத்தமானி இறங்கிய போக்கைக் கண்டு, புயல் நெருங்குவதை உணர்ந்து, அரசு அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். அவர்கள் செவிகொடுத்தனர், பல உயிர்கள் பிழைத்தன. பின்னாளில் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தபோது அவருக்குத் தோள் கொடுத்து நின்றவரும் இதே லபோன் அடிகளார்தாம்.

அதே 1867ஆம் ஆண்டுப் புயல் மற்றொரு கதையையும் எழுதிச் சென்றது. 'சைக்ளோன்' என்னும் சொல்லை உலகுக்கு வழங்கியவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். மாத்லா ஆற்றின் கரையில் கானிங் துறைமுகத்தைக் கட்ட ஆங்கில அரசு திட்டமிட்டபோது, அந்த இடத்தைக் கடல் அலை ஒருநாள் அழிக்கும் என்று அவர் 1853இலேயே எழுதி எச்சரித்தார். கேட்பாரில்லை. 1858இல் அவர் கண் மூடினார். துறைமுகம் கட்டி முடிக்கப்பட்டது. 1867 புயலில் சிதைந்தது. ஒரே புயலில் ஒரு குரல் கேட்கப்பட்டது. ஒரு குரல் கேட்கப்படவில்லை. இருவரின் அறிவிலும் குறையில்லை. கேட்டவர்களின் மனமே வேறுபாடு.

உலகின் பிற கரைகளிலும் இவ்வாறு குருக்கள் சிலர் வானத்தைக் காவல் காத்தனர். கியூபாவின் அவானா நகரில் பெனித்தோ வீஞெசு அடிகளார் 1875 செப்டம்பரில் கடும்புயல் ஒன்றை முன்னறிவித்தார். மணிலாவில் பெதெரிக்கோ பவுரா அடிகளார் 1879 சூலையில் அதையே செய்தார். இவர்கள் நாள் தவறாமல் கருவியைப் படித்து, கிடைத்த உண்மையைக் காலம் தாழ்த்தாது பிறருக்குச் சொன்னவர்கள். அந்த ஒழுங்கே அவர்களுடைய செபத்தின் ஒரு பகுதி எனலாம்.

பஞ்சம் எழுப்பிய வினா

1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது. ஹென்றி பிளான்போர்டு அதன் பொறுப்பேற்றார். மறு ஆண்டே பருவமழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலுமாக ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர் என்பது வரலாற்றாசிரியர் கணிப்பு. மதுரைச் சீமையும் அந்தக் கொடுமைக்குத் தப்பவில்லை. 'தாது வருசப் பஞ்சம்' என்று பாட்டன்மார் நினைவில் அது நெடுங்காலம் தங்கியிருந்தது.

மழை ஏன் பொய்த்தது என்று அறிஞர் வினவினர். கதிரவனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் பதினோர் ஆண்டுக்கு ஒருமுறை குறைந்து மிகுவதற்கும் சென்னையின் மழைக்கும் தொடர்புண்டு என்று வில்லியம் ஹண்டர் 1877இல் எழுதினார். அந்த வினாவின் வழியே, கதிரவனை ஆய நம் மதுரைக்கு அண்மையிலுள்ள கோடைக்கானலில் ஓர் ஆய்வகம் எழுந்தது. மிச்சி சிமித் என்பவரின் தலைமையில் 1899இல் அது பணி தொடங்கியது. கரும்புள்ளிகளைக் கொண்டு மழையைக் கணிக்கும் எண்ணம் நிறைவேறவில்லை. ஆயினும் அந்த ஆய்வகம் கதிரவனைப் பற்றிய அறிவுக்கு அளித்த கொடை உலகறிந்தது. மழையைத் தேடிக் கட்டிய கூடம் ஒளியைக் கண்டது.

பிளான்போர்டு இமயத்துப் பனிக்கும் பருவமழைக்கும் உள்ள உறவை ஆராய்ந்து, 1886இல் முறையான பருவ முன்னறிவிப்பைத் தொடங்கிவைத்தார். 1904 முதல் 1924 வரை துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், பசிபிக் கடலின் காற்றழுத்தமும் நம் மழையும் ஊசலாடும் தராசின் இரு தட்டுகள் என்பதைக் காட்டினார். இவை பெரும் சாதனைகள்.

ஆனால் நாம் இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். மக்கள் மடிந்ததற்குக் காரணம் கதிரவன் மட்டுந்தானா? பஞ்ச காலத்திலும் தானியம் துறைமுகங்களின் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் கல் உடைத்தோரின் நாள்கூலியில் தானிய அளவை ஓர் இராத்தலாகக் குறைத்தார். உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று மருத்துவர் கார்னிசு வாதிட்டார். மழை பொய்த்தது வானத்தின் செயல். மனிதன் பட்டினி கிடந்தது மனிதன் செயல். வானிலையைக் காரணம் காட்டி மனச்சான்று தப்பித்துக்கொள்ளும் வழி அன்றுமுண்டு, இன்றுமுண்டு.

'ஓரிரு இடங்களில்'

சென்னையில் 1945இல் மண்டல வானிலை ஆய்வு மையம் அமைந்தது. அதன் அறிக்கைகளில் நாம் நாளும் கேட்கும் சொற்களை ஏளனம் செய்வோர் உண்டு. 'ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்' என்றால், எங்கும் பெய்யாவிட்டாலும் தப்பித்துக்கொள்ளும் பேச்சு என்று நகைக்கின்றனர். அது முறையன்று. அந்தச் சொற்களுக்கு அளவு உண்டு. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேற்படாத இடங்களில் மழை பெய்யும் என்பதே 'ஓரிரு இடங்கள்'. ஐம்பது வரை 'சில இடங்கள்'; எழுபத்தைந்து வரை 'பல இடங்கள்'; அதற்கும் மேல் 'பெரும்பாலான இடங்கள்'.

கோடை இடிமழைக்கு இந்தச் சொற்களே நேர்மையானவை. பகல் வெயிலில் கொதித்த மண்ணின் மேல் காற்று இலேசாகி எழுகின்றது. கிழக்கே வங்கக் கடலிலிருந்து பிற்பகலில் ஈரக்காற்று உள்ளே வருகின்றது. மேற்குமலையைத் தாண்டி வரும் வறண்ட காற்று அதை எதிர்கொள்கின்றது. கரந்தமலையும் சிறுமலையும் போன்ற குன்றுகள் ஈரக்காற்றை மேலே தூக்கிவிடுகின்றன. ஒரு மணி நேரத்துக்குள் பத்துக் கிலோ மீட்டருக்கும் உயரமான கருமேகம் கோபுரமாக நிற்கின்றது. அதன் அகலமோ சில கிலோ மீட்டர்களே. கொட்டாம்பட்டியில் கொட்டும் மழை, மேலூரில் தூறாமற் போவது இதனால்தான். நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர் பரந்து பல நாள் நடந்துவரும் கடற்புயலை முன்கூட்டி அறியலாம். இந்தக் குறுநில மன்னனின் படையெடுப்பை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்புதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

மே மாதத்தில் கடற்புயல் எழும்போது கணக்கு இன்னும் சிக்கலாகின்றது. 1979 மே மாதத்திலும் 1990 மே மாதத்திலும் ஆந்திரக் கரையைப் புயல்கள் தாக்கின. 2016 மே மாதத்தில் 'ரோனு' புயலாகப் பின்னர் வலுப்பெற்ற தாழ்வு நிலை, இலங்கையின் அரநாயக்கவில் மலைச்சரிவை உண்டாக்கி மக்களை உயிரோடு புதைத்தது. இத்தகைய புயல் வடக்கே நகர்ந்தால், ஈரத்தை எல்லாம் தன்பக்கம் இழுத்துக்கொண்டு நம் சமவெளிக்கு அனலை விட்டுச் செல்வதும் உண்டு. பக்கத்துக் கடலில் புயல் என்றதும் இங்கே மழை என்று மகிழ்வது எப்போதும் பொருந்தாது.

முன்னறிவிப்பு என்பது இறைவாக்கன்று. ஆங்கில நாட்டில் 1861இல் பொதுமக்களுக்கு வானிலை முன்னறிவிப்பை வெளியிடத் தொடங்கிய கடற்படைத் தலைவர் பிட்சுராய் இதை வலியுறுத்தினார். இவை குறி சொல்லல் அல்ல, ஆய்ந்து உரைக்கும் கருத்தே என்றார். தவறியபோது அவரை நகையாடினர். 1865 ஏப்ரலில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் துயரத்துக்குக் காரணங்கள் பல. எனினும், உண்மையை அதன் ஐயத்தோடு சேர்த்துச் சொல்பவரைச் சமூகம் எப்படி நடத்துகின்றது என்பதற்கு அவர் வாழ்வு ஒரு பாடம்.

மணி அடித்தவர்கள்

இனி நம் வீட்டுக்குள் பார்ப்போம். இடைக்கால ஐரோப்பாவில் இடி முழங்கும்போது கோவில் மணியை ஓங்கி அடிப்பது வழக்கம். மின்னலை முறிப்பேன் என்னும் பொருள்படும் இலத்தீன் சொற்கள் பல மணிகளில் பொறிக்கப்பட்டிருந்தன. மணியோசை புயலை விரட்டும் என்று மக்கள் நம்பினர். ஊரிலேயே உயரமான கோபுரத்தின் கீழ், ஈரக் கயிற்றைப் பிடித்து நின்றவர் கதி என்ன? 1784இல் மியூனிக் நகரில் வெளியான நூலொன்று கணக்குத் தந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் 386 ஆலயக் கோபுரங்களில் இடி விழுந்தது. மணி அடித்தவர் 103 பேர் மாண்டனர். ஊரைக் காக்க நின்ற அந்த எளியோரின் பற்றுறுதியை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் அவர்களை அங்கே நிறுத்திய அறியாமையைப் பற்றுறுதி என்று அழைக்கவும் கூடாது.

அதே நூற்றாண்டில், மொராவியா நாட்டின் பிரிமெத்தித்சே என்னும் சிற்றூரில் பங்குக் குருவாயிருந்த புரோகோப் திவிசு, 1754இல் உயர்ந்த கம்பத்தில் இரும்பு ஊசிகளைப் பொருத்தி ஓர் இடிதாங்கியை நிறுவினார். அமெரிக்காவில் பிராங்கிளின் மின்னலை ஆய்ந்த அதே காலம் அது. சில ஆண்டுகளில் வறட்சி வந்தது. குருவின் இயந்திரம்தான் மழையை விரட்டுகின்றது என்று சினந்த ஊரார் அதைத் தகர்த்தனர்.  மக்கள் மனத்தைத் தயார் செய்யாமல் கருவியை மட்டும் நட்டால் என்னாகும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

மின்னலிலிருந்தும் புயலிலிருந்தும் எம்மைக் காத்தருளும் என்னும் வேண்டுதல் திருச்சபையின் பழைய மன்றாட்டு மாலையில் உண்டு. அதைச் சொல்வதை நாம் நிறுத்த வேண்டியதில்லை. அந்த மன்றாட்டுக்கு நம் கைகளும் விடை தர வேண்டும் என்பதே கருத்து.

இன்று நம் கடமை

கடற்புயல்களைப் பொறுத்தவரை நாடு பெருவெற்றி கண்டிருக்கின்றது. 1999இல் ஒடிசாவில் ஏறத்தாழப் பத்தாயிரம் உயிர்களைப் புயல் கொண்டுபோயிற்று. 2013இல் அதே கரையைத் தாக்கிய 'பைலின்' புயலில் இறந்தோர் சில பத்துப் பேர். எச்சரிக்கை வந்தது, கூடவே போக்கிடமும் வந்தது. ஆனால் மின்னலுக்கு இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியாகின்றனர் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. இறப்போரில் மிகப் பலர் வயலில் நிற்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், மரத்தடியில் ஒதுங்கியவர்கள்.

அறிவிப்பு இல்லாமல் இல்லை. மூன்று மணி நேர எச்சரிக்கையை வானிலைத் துறை வெளியிடுகின்றது. புணேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிலையம் 'தாமினி' என்னும் செயலியின் மூலம் அருகில் விழும் மின்னலைக் கைப்பேசியிலேயே காட்டுகின்றது. ஆயினும் கொட்டாம்பட்டிப் பக்கம் கண்மாய்க் கரையில் ஊரக வேலைத் திட்டத்தில் வேலை பார்க்கும் மூதாட்டியின் சுருக்குப்பையில் வெற்றிலை இருக்கும், செயலி இராது. எச்சரிக்கை அவரை அடைந்தாலும், வேலையைப் பாதியில் விட்டால் கூலி என்னாகும் என்ற அச்சம் இருக்கும். ஓடி ஒதுங்க அங்கே இருப்பது ஒரு புளியமரம். மின்னல் நாடி வருவதும் அந்த மரத்தையே.

ஆகவே, முன்னறிவிப்பு என்பது நுங்கம்பாக்கத்தில் முடிந்துவிடுவதில்லை. அது அந்தக் கண்மாய்க் கரையில் போய் முடிய வேண்டும். அதற்கு நாம் செய்யக்கூடியவை எளியவை. கோடை மாதங்களில் பிற்பகல் வேளையில் கோவில் வளாகம், பள்ளிக் கட்டடம், சமுதாயக் கூடம் ஆகியவை பூட்டப்படாமல் திறந்திருக்கட்டும். எந்தச் சமயத்தவரும் எந்தச் சாதியினரும் தயங்காமல் உள்ளே வரட்டும். உயர்ந்த கோபுரங்களில் இடிதாங்கி இருக்கின்றதா, அதன் கம்பி மண் வரை அறுபடாமல் செல்கின்றதா என்று ஆண்டுக்கொருமுறை பார்க்கலாம். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். மூன்று நொடிக்கு ஒரு கிலோ மீட்டர் தொலைவு. முப்பது நொடிக்குள் இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை வெளியே வரலாகாது. வேலைத் தளத்தில், இடிக்கு அஞ்சி ஒதுங்கிய நேரத்துக்குக் கூலி பிடிக்கப்படாது என்ற உறுதியை ஊராட்சியிடம் கேட்டுப் பெறலாம்.

மணியும் இருக்கின்றது, ஒலிபெருக்கியும் இருக்கின்றது. புயல் தலைக்கு மேல் வந்தபின் அதை விரட்ட நம் மூதாதையர் மணி அடித்தனர். புயல் மலைப்பக்கம் கறுக்கும்போதே, வயலில் இருப்பவரை அழைக்க நாம் அதை அடிக்கலாம். அடித்துவிட்டு, மணி அடித்தவரும் உள்ளே வந்துவிடட்டும். வந்தவர்கள் எத்தனை பேர், வராதவர் யார் என்று எண்ணிப் பார்க்கும் ஒருவரை ஒவ்வோர் அன்பியமும் இந்தக் கோடைக்குள் நியமித்துக்கொள்ளுமாயின், காலத்தின் குறிகளைப் பற்றிய ஆண்டவரின் வினாவுக்கு நம் ஊரளவில் ஒரு விடை கிடைக்கும்.